கொடுத்த கை எங்கே?

"போதைப்பொருளுடன் பள்ளி மாணவன் கைது." நாளிதழில் இப்படி ஒரு செய்தி வந்தால் நம் வீடுகளில் என்ன பேச்சு எழும் என்று உங்களுக்கே தெரியும். "பெத்தவங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?" என்பார் ஒருவர். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பயமே இல்ல" என்பார் இன்னொருவர். "நம்ம இனத்துக்கே கெட்ட பேரு" என்று சொல்லி மூன்றாமவர் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்.

அந்தப் பொட்டலம் அவன் கைக்கு எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 15 வயதுப் பையனிடம் முதல் போடப் பணம் இல்லை. சரக்கு எங்கே கிடைக்கும், யார் வாங்குவார்கள் என்றும் அவனுக்குத் தெரியாது. அப்படியானால் வயதில் மூத்த யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். கைது செய்யப்பட்டது வாங்கிய கை. கொடுத்த கை எங்கே?

இந்தக் கட்டுரையில் நான் யோசிக்க விரும்புவது இதைத்தான். சிறுவனைப் போதைப்பொருள் வேலைக்கு இழுத்துவிடும் பெரியவரின் குற்றம் எவ்வளவு பெரியது? பையனும் தெரிந்தேதான் செய்தான் என்றால் அவருடைய குற்றம் குறையுமா? நான் சட்டம் படிக்கவில்லை, சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் இளைஞர் பிரிவில் இதைப் பற்றி ஒரு கலந்துரையாடல் நடந்தது. அதற்காகச் சட்டங்களைத் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், ஆள் பிடிப்பது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எங்கள் தாமானில் சனிக்கிழமைகளில் படிவம் இரண்டு, மூன்று மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஒரு விஷயம் விளங்கும். "போதைப்பொருள் கொண்டு போறியா?" என்று எடுத்த எடுப்பில் யாரும் கேட்பதில்லை. முதலில் மாமாக் கடையில் ஒரு மீ கோரேங். அப்புறம் கைப்பேசிக்கு டாப்-அப். ஒரு நாள் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்து, "ஒரு ரவுண்டு போய்ட்டு வாடா தம்பி" என்று சொல்வார்கள். வீட்டில் கேட்க ஆளில்லாத பையனுக்கு அது பெரிய மரியாதை. பிறகு ஒரு சாயங்காலம், "தம்பி, இத அந்த பிளாக் அண்ணன்கிட்ட குடுத்துட்டு வா." கையில் 50 வெள்ளி. "உள்ள என்னண்ணே?" என்று கேட்டால், "அது எதுக்கு உனக்கு?" என்று ஒரு சிரிப்பு. இரண்டு மூன்று தடவை போன பிறகு அவன் விலகப் பார்த்தால் அந்தச் சிரிப்பு இருக்காது. "இதுவரைக்கும் நீ கொண்டு போனது என்னன்னு தெரியுமா? நீயும் இதுல இருக்க" என்ற மிரட்டல்தான் இருக்கும்.

ஒரு நாள் ஒரு மாணவன் என்னிடம், "அண்ணே, நம்ம வயசுக்கு ஜெயில் கிடையாதுதானே?" என்று கேட்டான். சும்மா கேட்டதுபோலத்தான் கேட்டான். யாரோ அவனுக்கு அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகுதான் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கடத்தல் குற்றத்தைக் கையாள்வது பிரிவு 39பி. 15 கிராம் ஹெராயின், 50 கிராம் சியாபு, 200 கிராம் கஞ்சா. இந்த எடைகளை எட்டும் சரக்கோடு ஒருவர் பிடிபட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, அவர் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. இப்போது நீதிபதி மரண தண்டனையும் விதிக்கலாம், ஆயுள் சிறையும் அதோடு பிரம்படியும் விதிக்கலாம். 50 கிராம் என்பது எவ்வளவு என்று யோசிச்சுப் பாருங்க. நம் வீட்டு முட்டை ஒன்றின் எடைதான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். அந்தப் பையனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கொடுத்தவருக்கு நன்றாகவே தெரியும்.

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் குறுக்கே வருகிறது. அதன் பிரிவு 97, சிறுவருக்கு மரண தண்டனை விதிக்கக்கூடாது என்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. அதற்குப் பதிலாக மாமன்னர் அல்லது மாநில ஆட்சியாளரின் விருப்பத்திற்கு உட்பட்டு அவரைத் தடுத்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இத்தனை ஆண்டு என்று அதற்குக் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. "உனக்கு ஒண்ணும் ஆகாது, நீ சின்னப் பையன்" என்று சொல்லி அனுப்புகிறவர் சொல்வது பாதிப் பொய். தூக்கு இல்லை என்பது மெய். ஒன்றும் ஆகாது என்பது பொய். அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.

சட்டம் சிறுவர்மேல் ஏன் இரக்கம் காட்டுகிறது? நம் தண்டனைச் சட்டத்தின்படி 10 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமே ஆகாது. 10 முதல் 12 வயது வரை, தான் செய்வதன் விளைவை உணரும் பக்குவம் இல்லையென்றால் குற்றமில்லை. அதற்கு மேல் 18 வரை குற்றம் உண்டு, ஆனால் விசாரணையும் தண்டனையும் வேறு. நன்னடத்தைக் கண்காணிப்பு உண்டு. ஹென்றி கர்னி பள்ளி போன்ற சீர்திருத்த நிலையங்கள் உண்டு. பக்குவம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை, படிப்படியாகத்தான் வருகிறது என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் மாண்டவ்யர் கதை வருகிறது. மௌன விரதத்தில் இருந்த முனிவரின் ஆசிரமத்தில் திருடர்கள் களவுப் பொருளைப் பதுக்கி வைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறார்கள். காவலர்கள் கேட்கும்போது முனிவர் பேசவில்லை. பொருள் அங்கே இருந்தது, அது போதும் என்று அவரையும் திருடர்களோடு சேர்த்துக் கழுவில் ஏற்றிவிடுகிறான் அரசன். உயிர் போகாமல் தப்பிய அவர் பிற்பாடு தர்மதேவனிடமே போய், "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்கிறார். சிறு வயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதற்குப் பலன் இது என்கிறான் தர்மன். அறியாத வயதில் செய்த சிறு தவறுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று சினந்த முனிவர், தர்மனையே மனிதனாகப் பிறக்கும்படி சபிக்கிறார். விதுரன் பிறந்தது அப்படித்தான். அதோடு, 14 வயது வரை செய்வது பாவக் கணக்கில் சேராது என்று ஒரு வரம்பையும் விதிக்கிறார்.

இந்தக் கதையில் இரண்டு தவறான தீர்ப்புகள் இருக்கின்றன. பொருள் யாரிடம் இருந்ததோ அவரே குற்றவாளி என்று அரசன் முடிவு செய்தான். குழந்தையின் செயலைப் பெரியவரின் செயல்போல எடைபோட்டான் தர்மன். பொட்டலத்தோடு பிடிபட்ட பையனைப் பார்த்து நாம் வாய் திறக்கும்போது இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறோம்.

இங்கேதான் சிக்கலே தொடங்குகிறது. சிறுவன்மீது சட்டம் காட்டும் இரக்கம், அவனைப் பயன்படுத்துகிறவருக்கு லாபமாகிவிடுகிறது. தன் கையில் பொட்டலம் இருந்தால் தூக்கு மேடை வரைக்கும் போக வேண்டியிருக்கும். பையனின் கையில் இருந்தால் அவ்வளவு தூரம் போகாது. அதனால்தான் பையன். எங்கள் கலந்துரையாடலில் ஒரு நண்பர் கோபமாகவே சொன்னார்: "அப்போ இந்தச் சலுகைய எடுத்துடுங்க. பையனுக்கும் அதே தண்டனைன்னா எவனும் பையன அனுப்ப மாட்டான்." கேட்கும்போது சரிபோலத் தெரிகிறது. ஆனால் அனுப்புகிறவர் பையனின் உயிரைப் பற்றிக் கவலைப்படுபவராக இருந்தால் முதலிலேயே அனுப்பியிருக்க மாட்டாரே. தண்டனையைக் கூட்டினாலும் அவர் இழப்பது ஒரு பையனைத்தான். அடுத்த பிளாக்கில் இன்னொருவன் கிடைப்பான். எனவே இரக்கத்தைக் குறைத்துப் பயனில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய், அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவரைத் தேடுவதுதான் வழி.

மேலே போகச் சட்டத்தில் வழி இருக்கிறதா? இருக்கிறது. நம் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 108 குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதைப் பற்றியது. உடந்தையாக இருந்தவரைத் தண்டிக்க, செயலைச் செய்தவர் சட்டப்படி குற்றவாளி ஆகக்கூடியவராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை என்று அது விளக்குகிறது. குழந்தையைத் தூண்டிவிட்டவர், அந்தக் குழந்தைக்குத் தண்டனை கிடையாது என்றாலும், தூண்டியதற்குக் குற்றவாளியே. இது 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்காக எழுதப்பட்ட சட்டத்திலிருந்து நமக்கு வந்தது. அவ்வளவு காலத்துக்கு முன்பே, சிறுவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவரைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். சிறார் சட்டத்தின் பிரிவு 32-இல், பிச்சை எடுக்கவோ, சிறுவரின் நலனைக் கெடுக்கும் சட்டவிரோதக் காரியங்களுக்கோ சிறுவரைத் தெருவில் இறக்கிவிடுபவர் குற்றவாளி என்று இருக்கிறது.

இனி கடினமான கேள்விக்கு வருகிறேன். பையனுக்கு ஓரளவு தெரிந்திருந்தால்? 16 வயதில், 50 வெள்ளிக்குக் கொண்டு போகும் பொட்டலத்தில் மைலோ இல்லை என்று யாருக்கும் தெரியுமே. செய்தவர், செய்ய வைத்தவர், தூண்டியவர், ஆமோதித்தவர் எல்லாருக்கும் வினையில் பங்கு உண்டு என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. கலந்துரையாடலில் இதை நான் சொன்னபோது ஒரு தம்பி எழுந்து, "அப்படின்னா ஆளுக்குக் கால் பங்காண்ணே?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் எல்லாருடைய மனதிலும் இருக்கும் கணக்கைத்தான் அவன் வெளியே சொன்னான்.

நான் படிக்கும் பாடத்தில் அந்தக் கணக்கு சரி. ஓர் உத்தரத்தின்மேல் 120 கிலோநியூட்டன் சுமை இருந்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு தூண் தாங்கினால், தூணுக்கு 60. இடையில் இன்னொரு தூணை நிறுத்தினால் முதல் இரண்டின் பங்கு குறைந்துவிடும். சுமை மாறாது, பங்கு மட்டும் பிரியும். பொட்டலத்தைப் பையனிடம் தள்ளுகிறவரும் இப்படித்தான் நினைக்கிறார். ஒரு தூணைக் கூடுதலாக நிறுத்திவிட்டேன், என் பாரம் குறைந்தது என்று.

ஆனால் குற்றப்பொறுப்பு அப்படிப் பிரிவதில்லை என்பதுதான் என் வாதம். பையன் வருவதற்கு முன்பு அந்த மனிதர் செய்துகொண்டிருந்தது ஒரு தீங்கு: போதைப்பொருள் விற்றார். பையன் வந்த பிறகு அவர் செய்வது இரண்டு தீங்கு. போதைப்பொருளையும் விற்கிறார், ஒரு பிள்ளையையும் கேடயமாகப் பிடிக்கிறார். பையனுக்கு என்று ஒரு பங்கு பொறுப்பு இருக்கலாம். அது அவனுடையது, அவன் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ற அளவில். அதை எடுத்துப் பெரியவரின் கணக்கில் கழிக்க முடியாது. அவனுக்குப் பங்கு இருக்கிறது என்பதே அவர் செய்த இரண்டாவது தீங்கின் விளைவு. ஒன்றுமறியாமல் இருந்தவனுக்கு ஒரு குற்றத்தைச் சொந்தமாக்கிக் கொடுத்தது அவர்தானே!

சிலர் இரக்கத்தில், "பையன் வெறும் கருவி, அவனுக்கு ஒரு பொறுப்பும் இல்லை" என்று சொல்வார்கள். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. சுத்தியலுக்கு வெட்கம் வராது, திருந்தவும் தெரியாது. பையனுக்கு இரண்டும் முடியும். அவனைக் கருவி என்று சொன்னால், அவனை அனுப்பியவர் அவனைப் பார்த்த அதே பார்வையில் நாமும் பார்க்கிறோம் என்றாகிவிடும். "நீ செய்தது தப்பு, ஆனால் உனக்குச் செய்யப்பட்டது அதைவிடப் பெரிய தப்பு" என்ற இரண்டையும் அவனிடம் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பாதிதான் உண்மை.

இந்த இரண்டாவது தீங்குக்குத் தனியாகவே கணக்குக் கேட்க வேண்டும் என்று உலக நாடுகள் பல ஒப்புக்கொண்டுள்ளன. போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம், சிறுவரைப் பயன்படுத்துவதைக் குற்றத்தைக் கடுமையாக்கும் காரணமாகப் பட்டியலிடுகிறது. 1989-ஆம் ஆண்டு குழந்தை உரிமை ஒப்பந்தத்தின் 33-ஆம் விதி, போதைப்பொருள் உற்பத்தியிலும் கடத்தலிலும் சிறுவர் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க வேண்டும் என்கிறது. 1999-ஆம் ஆண்டு அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 182-ஆம் ஒப்பந்தம், அதைக் குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களில் ஒன்றாக வைக்கிறது. பின்னிரண்டிலும் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கச் சட்டத்தில், 18 வயதானவர் அதற்குக் குறைந்தவரை இந்த வேலைக்கு வைத்தால் தண்டனையின் உச்ச வரம்பு இரு மடங்காகலாம். ஜெர்மனியில், 21 வயதைக் கடந்தவர் 18-க்குட்பட்டவரைத் தூண்டினால் பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு சிறை. சிங்கப்பூரும் 2012-இல் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தில், இளையரை இதில் இழுத்துவிடுவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. நாட்டுக்கு நாடு வயது வரம்பு மாறினாலும் கணக்கு ஒன்றுதான். கிராமுக்கு ஒரு தீர்ப்பு, பிள்ளைக்கு ஒரு தீர்ப்பு.

"எனக்கு அவன் வயசு தெரியாது, பாக்கப் பெரியவனா இருந்தான்" என்று சொல்கிறவரை என்ன செய்வது? ஒரு மினி மார்க்கெட்டில் சாமான் அடுக்க ஆள் எடுத்தாலும் அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறார்கள். நல்ல வேலைக்கே வயது கேட்க வேண்டும் என்றால், உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்குக் கேட்காமல் விட்டது எப்படி மன்னிப்பாகும்? கேட்காததுதான் அவருக்கு வசதியாக இருந்தது.

இன்னும் ஒரு கேள்வி என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தது. இன்று தம்பியை அனுப்பும் 20 வயது இளைஞன், 14 வயதில் இன்னொருவரால் அனுப்பப்பட்டவனாக இருந்தால்? அவனும் பாதிக்கப்பட்டவன்தானே? ஆமாம். நீதிமன்றம் அதைக் கேட்க வேண்டும், தண்டனையை அளக்கும்போது அதையும் தராசில் வைக்க வேண்டும். ஆனால் தனக்கு நடந்தது எப்படி நடந்தது என்று அவனுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதையே இன்னொரு பிள்ளைக்குச் செய்தால், அவன் பட்ட துன்பம் அவன் செயலுக்குக் காரணமாகலாம். அனுமதி ஆகாது. சங்கிலி எங்கேயாவது அறுபட வேண்டும், அதை அறுக்கும் வாய்ப்பு அவனுக்கு இருந்தது.

சட்டம் எவ்வளவு இருந்தாலும் நிரூபணம் வேண்டும். வாங்கிய கையைப் பிடிப்பது சுலபம், பொட்டலமே சாட்சி. கொடுத்த கையைப் பிடிக்க அந்தப் பையன் வாய் திறக்க வேண்டும். அவன் ஏன் திறப்பான்? வெளியே அந்த ஆள் இருக்கிறான், வீட்டில் தங்கச்சி இருக்கிறாள். தாமான் முழுக்க ஏற்கெனவே இவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டியாகிவிட்டது. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனுக்கு மிச்சம் இருப்பது அந்த 'அண்ணன்' ஒருவர்தான். நம் வசைச்சொல் ஒவ்வொன்றும் அந்த ஆளுக்குத்தான் பாதுகாப்பு. அபாயகரப் போதைப்பொருள் சட்டத்திலேயே தகவல் கொடுப்பவரின் அடையாளத்தைக் காக்கப் பிரிவு 40 இருக்கிறது. அதைப் பற்றி நம் வட்டாரங்களில் பேசுவோர் குறைவு. பையன் கைதானால் பெற்றோர் உடனே ஒரு வழக்கறிஞரை நாட வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி மையத்தை அணுகலாம். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, இதை அவனிடம் யார் கொடுத்தார்கள் என்பதைத்தான்.

நண்பர்களே, இந்த இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள், 18-க்கும் 25-க்கும் இடைப்பட்டவர்கள். 13 வயதுப் பையனுக்கு நாம்தான் 'அண்ணன்'. ஆள் பிடிக்கிறவர் கத்தியைக் காட்டித் தொடங்குவதில்லை. 'தம்பி' என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறார். அந்தச் சொல்லை நம் பிள்ளைகள் நம்புகிறார்கள், ஏனென்றால் நம் வீடுகளில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. அண்ணன் என்றால் முன்னால் நிற்பவன், அடி விழுந்தால் முதலில் வாங்குபவன். தம்பியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அந்தப் பையன்களுக்கு மீ கோரேங் வாங்கிக் கொடுக்கவும், மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகவும், பரீட்சை எப்படிப் போச்சு என்று கேட்கவும் வேறு ஆள் இருந்தால், இவருக்கு அங்கே இடம் இருக்காது. நம் இளைஞர் பிரிவில் சனிக்கிழமை வகுப்புக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. கணக்கு வராது என்றால் பரவாயில்லை, பந்து விளையாடத் தெரிந்தாலும் போதும்.